மூன்றாவது கையெழுத்து

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
14 ஜூலை 2024

அன்புள்ள மனோகர் அண்ணனுக்கு,

உன் தங்கை பாக்யலட்சுமி எழுதுகிறேன். கவரில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்துவிட்டாய் என்று நம்புகிறேன். போன் செய்தால் நான் வாயைத் திறப்பதற்குள் கட் செய்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு கம்பெனி தொடங்கப் போகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனி.

கே.ஆர்.புரத்தில் நீயும் என் வீட்டுக்காரரும் வருஷக்கணக்காகக் கவனித்துக்கொண்ட அபார்ட்மெண்ட் ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சங்கத்தின் செயலாளர் விநாயக் சார் போன மாதம் பேசினார். இப்போது வருகிறவர்கள் எண்ணெய் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்களாம். "ரூபேஷும் மனோகரும் பார்த்தப்போ லிஃப்ட் நின்னதே இல்லம்மா. நீங்களே ஏன் எடுத்துக்கக் கூடாது?" என்றார். ஆனால் தனி ஆளிடம் கொடுக்க மாட்டார்கள், பதிவு செய்த கம்பெனி வேண்டும். ஆயுத பூஜை முடிந்ததும் கூட்டம் போட்டு யாருக்கென்று முடிவு செய்கிறார்கள். அதற்குள் நம் கையில் பதிவுச் சான்றிதழ் இருக்கவேண்டும்.

ராபர்ட்சன்பேட்டையில் ஆனி மேடம் என்று ஒருவர் இந்தக் கம்பெனி பதிவு வேலையெல்லாம் செய்கிறார். அவர்தான் வழி சொன்னார். லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப் என்று ஒன்று இருக்கிறது. சுருக்கமாக எல்.எல்.பி. பொறுப்பேற்கிற பார்ட்னர்கள் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி நான். தையல் கம்பெனியில் இத்தனை நாள் கணக்கு எழுதியது வீண் போகாது. இன்னொருவர் லிஃப்ட் வேலைக்கு லைசென்ஸ் உள்ளவராக இருந்தால் எல்லா இடத்திலும் மதிப்பு என்றார் மேடம். எனக்குத் தெரிந்த லைசென்ஸ்காரன் நீ ஒருவன்தான். உங்களோடு வேலை செய்த வேந்தனும் தர்மராஜும் உன் பெயர் இருந்தால் அந்தப் பழைய முதலாளியை விட்டுவிட்டு நாளைக்கே வருகிறோம் என்கிறார்கள்.

கையெழுத்துகூடப் பேனாவால் போடவேண்டாம். டிஜிட்டல் கையெழுத்தாம். உன் பெயரைச் சொல்லி ஒரு வீடியோ எடுத்து அனுப்பினால் அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். ஆதார், பான் காப்பி மட்டும் அனுப்பி வை.

உன் மாப்பிள்ளையைப் பற்றி நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். லிஃப்ட் குழியில் விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. வாக்கர் வைத்து நம் லைன் வீட்டு வரிசையின் முனை வரை நடக்கிறார், திரும்பி வருகிறார். மற்ற நேரம் டி.வி. அவர் வேலை, உன் வேலை இரண்டையும் திரும்ப நம் கையில் கொண்டுவரத்தான் இவ்வளவும். வேறு ஆசை எனக்கு இல்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
பாக்யா


ஆம்பூர்
22 ஜூலை 2024

பாக்யா,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. மமதா பக்கத்தில் நின்று சத்தமாகப் படி என்றாள், படித்தேன்.

என் பதில், முடியாது.

லிமிடெட் என்று எழுதியிருக்கிறாயே, அது என்னவென்று உனக்குத் தெரியுமா? கம்பெனி தப்பு செய்தால் முதலாளியின் சொந்தச் சொத்தை யாரும் தொட முடியாது. நம் முதலாளி வைத்திருந்ததும் லிமிடெட்தான். லிஃப்ட் கதவு ஸ்விட்ச் கெட்டுப்போச்சு, மாற்றித் தாருங்கள் என்று நானும் மாப்பிள்ளையும் எழுதிக் கொடுத்தோம். அவன் மாற்றவில்லை. எங்களுக்குச் சொல்லாமல் வேறு ஆளை விட்டு, ஸ்விட்சே இல்லாமல் ஒயரை நேராகக் கட்டி ஓட்டினான். கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் நகர்ந்தது. மாப்பிள்ளை விழுந்தார். மேலே மெஷின் ரூமில் இருந்த எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் என்ன சொன்னான்? "கம்பெனில ஒண்ணும் இல்லப்பா. நான் கம்பெனியே மூடறேன், நீ யார் மேல கேஸ் போடுவே?" சொன்னபடி மூடினான். கொஞ்ச நாளில் மச்சினன் பெயரில் இன்னொரு லிமிடெட் திறந்தான். அதே ஆபீஸ், அதே நாற்காலி. அவன் வீட்டில் ஒரு செங்கல் நகரவில்லை. இப்போது நீயும் அதே வேலியைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்காரப் பார்க்கிறாய். நாளைக்கு வேந்தன் விழுந்தால் அவன் பெண்டாட்டியிடம் நீ போய்ச் சொல்வாயா, கம்பெனியில் ஒன்றும் இல்லை என்று?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இனிமேல் எதுவும் கேட்க மாட்டோம் என்று அவன் நீட்டிய பேப்பரில் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவள் நீ. நான் டீ வாங்கி வருவதற்குள் போட்டுவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்தில் அவ்வளவு வேகம் உள்ளவளுக்கு என் கையெழுத்து எதற்கு?

இங்கே ஷூ கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். எல்லா மெஷினும் தரையில் நிற்கிறது. எனக்கு இது போதும்.

மனோகர்


கோரமண்டல்
30 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

திட்டுவதற்காகவாவது எழுதினாயே, சந்தோஷம்.

அந்தப் பேப்பரைப் பற்றி ஒரு தடவை எழுதுகிறேன், இனி எழுத மாட்டேன். பணம் கட்டினால்தான் ஆபரேஷன் தியேட்டருக்குள் எடுப்போம் என்று ஆஸ்பத்திரியில் நிற்கிறார்கள். அவன் ஒரு கையில் செக், மறு கையில் பேப்பர். உனக்குக் கேஸ் பெரிதாக இருந்தது. எனக்கு அவர் இடுப்பு பெரிதாக இருந்தது. இன்றைக்கு அதே பேப்பரை நீட்டினாலும் போடுவேன், உன்னைக் கேட்காமலே போடுவேன். அவர் இன்று நடக்கிறார்.

லிமிடெட் விஷயத்துக்கு வா. அந்த வேலி ஒரு அயோக்கியனைக் காப்பாற்றியது என்று உனக்கு ஆத்திரம். வேலி இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். அவர் வைத்தியத்துக்குத் தோடு போனது, தையல் மெஷின் போனது. விற்கிறதற்கு இந்த வீடு நம் பெயரில் இல்லாததால் வீடு மட்டும் தப்பித்தது. இன்னொரு தடவை அப்படி நிற்க எனக்குத் தெம்பு இல்லை. ஆனி மேடத்திடம் நீ கேட்டதையே கேட்டேன். "ஒரு பார்ட்னர் தானே செய்த தவறுக்கு அவர்தான் பொறுப்பு, அதுக்கு லிமிட்டே கிடையாதும்மா. பக்கத்து பார்ட்னர் செய்த தவறுக்காக இவங்க வீட்டுப் பாத்திரத்தைத் தூக்க முடியாது, அவ்வளவுதான்" என்றார். இதில் உனக்கு என்ன குறை?

அந்த முதலாளியிடம் வேலி இருந்தது தப்பில்லை. உள்ளே அவன் ஒருத்தன் மட்டும் இருந்தானே, அதுதான் தப்பு.

வேலை நடக்கிற கதையைக் கேள். முதலில் கோரமண்டல் லிஃப்ட் சர்வீசஸ் என்று பெயர் போட்டோம். இந்த மாதிரிப் பெயரில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று திருப்பிவிட்டார்கள். பிறந்து வளர்ந்த ஊர் பெயரை வைக்க நம்மால் முடியவில்லை பார். கடைசியில் நம் லைன் பெயரிலேயே தேர்டு லைன் லிஃப்ட் கேர் என்று போட்டதும் கிடைத்துவிட்டது. இந்த ஊர் லைன் வீடுகளைத் தவிர வேறு யாருக்கு அப்படி ஒரு பெயர் தோன்றப் போகிறது?

அடுத்தது ஆபீஸ் விலாசம். நம் வீட்டையே போட்டேன். வீட்டு ஓனர் பெயர் என்று கேட்ட இடத்தில் கூசாமல் என் பெயரை எழுதினேன். மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிற வீட்டில் வேறு யார் பெயரை எழுதுவது? மேடம் பத்திரம் கேட்டார். தெரிந்த விஷயம்தான், ஆனால் அப்போதுதான் உறைத்தது. லைனில் எந்தக் கதவைத் தட்டி ஓனர் யாரென்று கேட்டாலும் நாங்கதான் என்பார்கள். பத்திரத்தைக் கேட்டால், இந்த லைன்களைக் கட்டிய தங்கச் சுரங்கத்தின் பக்கம் கையைக் காட்டுவார்கள். மூடிக் கிடக்கிற சுரங்கத்திடம் போய் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்க நான் எங்கே போவேன்?

அதனால் கேட்கிறேன். பேத்தமங்களாவில் உங்கள் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. அதை ஆபீஸ் விலாசமாகப் போட்டுக்கொள்ளலாமா? வீட்டு ஓனரின் சம்மதக் கடிதமும் கரண்ட் பில்லும் போதும். வீட்டை அடமானம் வைக்கவில்லை, தபால் வருகிற விலாசம் அவ்வளவுதான்.

ஃபார்மின் காப்பியை இதோடு வைத்திருக்கிறேன். உன் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன், பார்.

பாக்யா


ஆம்பூர்
6 ஆகஸ்ட் 2024

பாக்யா,

பேத்தமங்களா வீட்டைத் தொடாதே. ஏரித் தண்ணீரும் இரண்டு ரூமும் என்று கடைசிக் காலத்துக்கு வைத்திருக்கிறோம். அங்கே போர்டு மாட்டினால் நாளைக்கு எவனாவது வாசலில் வந்து நிற்பான். நீ ஆயிரம் விளக்கம் சொன்னாலும் சரி, தர மாட்டேன்.

ஃபார்மைப் பார்த்தேன். உன் பெயர் இருக்கிறது. எனக்கு இடம் இருக்கிறது. மாப்பிள்ளை பெயர் எங்கே?

மனோகர்


கோரமண்டல்
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

அண்ணி, தம்பி வீட்டில் இருக்கிற தன் அம்மாவைப் பார்க்கப் பேத்தமங்களாவுக்கு வந்தார் அல்லவா? சனிக்கிழமை அங்கிருந்து பஸ் பிடித்து நேராக ஆனி மேடம் ஆபீசுக்கு வந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பையிலிருந்து பத்திரத்தையும் கரண்ட் பில்லையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். "இன்னா பாக்யா, எங்கப்பா எனக்கு எழுதிக் குடுத்த வூடு. பத்திரத்துல என் பேருதான் கீது. நீ இன்னாத்துக்கு அவரைக் கேட்டுக்கினு கீறே?" என்றார். சம்மதக் கடிதத்தை முழுக்கப் படித்தார், இரண்டு இடத்தில் கேள்வி கேட்டார், கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் தானே உன்னிடம் சொல்வதாகச் சொன்னார். சொல்லவில்லை என்றால் இப்போது தெரிந்துகொள். சண்டை போடாதே. போட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. நீ வராவிட்டால் இரண்டாவது பார்ட்னராகத் தானே நிற்பதாக அண்ணி சொல்லிவிட்டார். ஆகவே உன் கையெழுத்து இல்லாமலும் கம்பெனி நிற்கும். லைசென்ஸ் உள்ள ஆளைப் பெங்களூரில் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அப்படியும் உன்னைக் கேட்கிறேன். அது உன் வேலை, நீ அதில் கெட்டிக்காரன். தரையில் நிற்கிற மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நீ சந்தோஷமாக இருப்பதாக எழுதியதை நான் நம்பவில்லை.

மாப்பிள்ளை பெயர் எங்கே என்று கேட்டாய். அவரைக் கேட்டேன். "நிக்க முடியாதவன் பேரை இன்னாத்துக்குப் போடறே? வுட்டுடு" என்றார். எனக்கும் ஒரு யோசனை ஓடியது. ஒரு வீட்டிலிருந்து ஒரு பெயர் போதும், ஏதாவது ஆனால் ஒருவராவது வெளியே இருக்கட்டும். அதனால் அவரை வற்புறுத்தவில்லை. இதில் குற்றம் கண்டுபிடிக்காதே.

பாக்யா


ஆம்பூர்
27 ஆகஸ்ட் 2024

பாக்யா,

மமதா சொன்னாள். சண்டை போட்டேன். தோற்றேன். வீட்டை விலாசமாகப் போட்டுக்கொள்.

ஆனால் மாப்பிள்ளை பெயர் விஷயத்தில் குற்றம் கண்டுபிடிக்காதே என்கிறாயே, கண்டுபிடிக்கத்தான் போகிறேன்.

நீ அப்போது சின்னப் பெண், உனக்குத் தெரிந்திருக்காது. சுரங்கத்தில் அப்பா கேங்கில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜில் ஏறுவதற்கு முன்னால் மேஸ்திரி வரிசையாகப் பெயர் கூப்பிடுவார். அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன் பெயரையும் கூப்பிடுவார். கேங்கில் யாராவது ஒருவர் அவனுக்காக "கீறான்" என்று குரல் கொடுக்கவேண்டும். அதற்கப்புறம்தான் கேஜ் இறங்கும். அவன் திரும்பி வரும்வரைக்கும் தினமும் அப்படித்தான். வேறு கேங்கில் இது உண்டா எனக்குத் தெரியாது, அப்பா கேங்கில் உண்டு. தர்மராஜின் தாத்தாவுக்குச் சுரங்கத்தின் அடியில் கால் நசுங்கி மாதக்கணக்கில் படுத்திருந்தபோது அவருக்கு அப்பாதான் குரல் கொடுப்பாராம். அப்பா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தையைக் கத்தித்தான் சொல்வார். அம்மா திட்டுவாள்.

மாப்பிள்ளை விழுந்த மறுநாள் நம் முதலாளி செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? வேலைக்கான வாட்ஸப் குரூப்பிலிருந்து அவர் பெயரை எடுத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன், போனில் வருகிறது, ரூபேஷ் நீக்கப்பட்டார் என்று. அந்தச் செக், அந்தப் பேப்பர் எல்லாவற்றையும்விட அதுதான் எனக்கு ஆறவில்லை. அன்றைக்கே நானும் அந்த வேலையை விட்டு வெளியே வந்தேன்.

இப்போது நீயும் அவர் பெயரை எடுத்துவிட்டாய். நல்ல எண்ணத்தில்தான் எடுத்தாய், எனக்குத் தெரியும். அவரே எடுக்கச் சொன்னார், அதுவும் தெரியும். அடிபட்டவன் எடுக்கத்தான் சொல்வான், பாக்யா. கூட இருக்கிறவர்கள்தான் குரல் கொடுக்கவேண்டும்.

நான் வருகிறேன். ஆனால் இரண்டு நிபந்தனை.

லிஃப்ட் மேல் ஏறுகிறவன் ஒவ்வொருத்தனும் பார்ட்னர். வேந்தன், தர்மராஜ், நாளைக்கு யார் சேர்ந்தாலும் அவர்களும். வேலி உள்ளே ஒருத்தன் மட்டும் இருந்ததுதான் தப்பு என்று நீதான் எழுதினாய். அப்படியென்றால் எல்லாரையும் உள்ளே கூப்பிடு.

அடுத்தது, பொறுப்புள்ள பார்ட்னர்கள் வரிசையில் மாப்பிள்ளை பெயர் முதலில். அதற்குக் கீழே என் பெயர். நின்று வேலை செய்ய வேண்டாம். லிஃப்ட் ஓடுகிற சத்தத்தைப் போனில் கேட்டே எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவர் அவர். உட்கார்ந்த இடத்திலிருந்து எங்களை மேய்க்கட்டும்.

இது இல்லை என்றால் பெங்களூரில் ஆள் பார்த்துக்கொள்.

மனோகர்


கோரமண்டல்
5 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். மறுநாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன்.

"ஏறுகிறவங்க எல்லாரும் பார்ட்னரா? அப்போ வேலைக்காரங்கன்னு யாருமே இல்லையா?" என்று மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். சட்டத்தில் தடை இல்லையாம். இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை, அவ்வளவுதான். ஒப்பந்தத்தை முதலிலிருந்து எழுதுகிறார். வேந்தனும் தர்மராஜும் வந்து ஆதார், பான் காப்பியெல்லாம் கொடுத்துவிட்டார்கள். தர்மராஜ் தன் பெயருக்கு நேரே பார்ட்னர் என்று இருப்பதை நாலு தடவை படித்துவிட்டு, "இன்னாக்கா, நெஜமாவா?" என்று கேட்டான்.

ஆனால் மேடம் ஒரு குழியைக் காட்டினார். தொழிலாளியாக இருந்தால் அடிபட்டால் நஷ்டஈடு என்று சட்டம் இருக்கிறது. பார்ட்னராகிவிட்டால் அது கிடைக்காமல் போகலாம். பெரிய மனதோடு எல்லாரையும் முதலாளியாக்கி, விழுந்தவனை வெறுங்கையோடு விட்டிருப்போம். அதனால் என் பக்கமும் ஒரு நிபந்தனை உண்டு. எல்லார் பெயரிலும் விபத்துப் பாலிசி எடுக்கவேண்டும். பாலிசி கைக்கு வராமல் ஒருவரும் லிஃப்ட் மேல் காலை வைக்கக் கூடாது, நீ உட்பட. அதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லிவிட்டேன். உனக்குப் பெயர் முக்கியம் என்றால் எனக்கு இது முக்கியம்.

உன் மற்ற நிபந்தனைக்கு வருகிறேன். மாப்பிள்ளை பெயரை முதலில் போட எனக்கு மறுப்பில்லை. இப்படிச் செய்தால் எங்கள் வீட்டில் இரண்டு பேருமே உள்ளே வந்துவிடுகிறோம். எனக்குப் பயம்தான், ஆனாலும் சரி என்று முடிவு செய்துவிட்டேன். இவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

பொறுப்புள்ள பார்ட்னர் என்றால் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அதற்கு வீடியோ. போனைப் பார்த்துப் பெயரைச் சொல்லி, திரையில் வருகிற எண்ணைப் படித்தால் முடிந்தது. நான் ஒரே தடவையில் எடுத்து அனுப்பிவிட்டேன். இவர் முன்னால் போனை வைத்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். "யாரு கேட்டா என் மூஞ்சிய? சும்னே இரு பாக்யா" என்கிறார். தாடி நெஞ்சு வரை வந்துவிட்டது. நான் கெஞ்சினேன், கத்தினேன், சோறு போட மாட்டேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை.

நிபந்தனை போட்டவன் நீ. நீயே வந்து நிறைவேற்று. ஞாயிற்றுக்கிழமை வா. ஆயுத பூஜைக்கு அதிக நாள் இல்லை, அரசாங்கத்தில் ஒப்புதல் வரவும் நாள் பிடிக்கும்.

பாக்யா


ஆம்பூர்
17 செப்டம்பர் 2024

பாக்யா,

ஞாயிற்றுக்கிழமை நான் வந்துபோனதில் ஒன்றும் நடக்கவில்லை என்று உனக்கே தெரியும். நீ அடுப்படியில் இருந்தாய். நடந்ததை எழுதுகிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். விழுந்த நாளுக்குப் பிறகு அவருக்குப் பக்கத்தில் அப்படி உட்கார்வது அதுதான் முதல் தடவை. நான் உங்கள் வீட்டுக்கு வராமல் இருந்ததற்கு உன்மேல் கோபம் என்றுதான் எல்லாரும் நினைத்தீர்கள். அவர் வாக்கரோடு நடப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. அவர் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்பெனி, பாலிசி, வேந்தன் என்று என்னென்னவோ பேசினேன்.

நான் செருப்பு மாட்டும்போதுதான் அவர் வாயைத் திறந்தார். "மச்சான், நீ லிஃப்ட் வேலய வுட்டுட்டியாமே." ஆமாம் என்றேன். "வுழுந்தவன் நானு. நீ இன்னாத்துக்கு வுட்டே?"

எனக்குப் பதில் வரவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று நீ கூப்பிட்டது காதில் விழுந்தது. நிற்கவில்லை. மாரிகுப்பத்திலிருந்து வந்த ரயிலில் ஏறி, இடம் இருந்தும் பங்காரப்பேட்டை வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

என் வீடியோவை எடுத்து அனுப்பிவிட்டேன். என் டிஜிட்டல் கையெழுத்து வந்துவிட்டது. ஆனால் அவர் பெயர் இல்லாத ஃபார்மில் அதை ஏற்ற மாட்டேன். மேடத்திடமும் சொல்லியாகிவிட்டது. மமதாவும் இந்த ஒரு விஷயத்தில் என் பக்கம். அபார்ட்மெண்ட் கை நழுவினாலும் நழுவட்டும், கம்பெனி இல்லாமல் போனாலும் போகட்டும். இதில் என்னை மாற்றப் பார்க்காதே.

மனோகர்


கோரமண்டல்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ செருப்பைச் சரியாக மாட்டாமல்கூட ஓடினாய். நான் வாசலில் நின்று திட்டினேன். இப்போது திட்டவில்லை, இதைப் படி.

நீ போன பிறகு இரண்டு நாள் அவர் டி.வி. போடவில்லை. மூன்றாம் நாள், "மச்சான் என் பேரப் பத்தி இன்னாமோ எழுதினானாமே, எங்க அது?" என்றார். வேந்தன் சொல்லியிருக்கிறான். அப்பா கேங்கைப் பற்றி நீ எழுதிய கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். நேரம் எடுத்துப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இதற்குமேல் என்னால் முடியாது, மேடத்திடம் போய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிடலாம் என்றுகூட அன்று நினைத்தேன். இந்தக் கம்பெனி விஷயத்தில் நான் அப்படி நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலையில் வெந்நீர் கேட்டார். கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்துக்கொண்டு தானே சவரம் செய்தார். இரண்டு இடத்தில் ரத்தம். பீரோவிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுக்கச் சொன்னார். தொளதொள என்று தொங்கியது. அழுகையை அடக்கிக்கொண்டு போனை அவருக்கு எதிரே டப்பாமேல் நிறுத்தினேன்.

"என் பேரு ரூபேஷ். லிஃப்ட் மெக்கானிக்" என்றார். அப்புறம் எண்ணைப் படித்தார்.

வீடியோ திரும்பி வந்துவிட்டது. பெயரும் எண்ணும் மட்டும்தான் சொல்லவேண்டுமாம், வேறு பேச்சு இருந்தால் ஏற்க மாட்டார்களாம். சொன்னேன். தலையை ஆட்டினார். இரண்டாம் தடவையும் அதையே சொன்னார், "என் பேரு ரூபேஷ். லிஃப்ட் மெக்கானிக்." அதுவும் திரும்பி வந்தது. மேடமே போனில் வந்தார். "ரூபேஷ் சார், பேரு மட்டும் போதும் சார்." இவர் விடவில்லை. "பேரை மட்டும் சொன்னா யாருன்னு எப்படிங்க தெரியும் அவங்களுக்கு? ஊருல எத்தினி ரூபேஷ் கீறாங்க" என்று சண்டைக்கு நின்றார். அண்ணா, இரண்டு வருஷத்துக்கப்புறம் அவர் குரலை உயர்த்திப் பேசினார். மேடம் சிரித்துவிட்டார். நான் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மூன்றாம் தடவை எனக்காக ஒத்துக்கொண்டார். பெயரைச் சொன்னார், பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார், எண்ணைப் படித்தார். நான் பட்டனை அழுத்தி வீடியோவை நிறுத்தினேன். அவர் எழுந்திருக்கவில்லை. அணைந்துபோன போனைப் பார்த்து, "லிஃப்ட் மெக்கானிக்" என்றார்.

இன்று காலை அவருக்குக் கையெழுத்து வந்துவிட்டது. அவருடையதையும் என்னுடையதையும் ஃபார்மில் ஏற்றியாகிவிட்டது. ஃபார்மில் அவர் பெயர் முதலில், அடுத்தது உன்னுடையது. அதற்கு எதிரே மட்டும்தான் இன்னும் வெறுமையாக இருக்கிறது. மேடம் இந்த வாரமே அனுப்பவேண்டும் என்கிறார்.

உன்னை ஒரு கேள்வி கேட்டாராமே, பதில் வரவில்லை என்று எழுதினாயே. இப்போது நீ கையெழுத்தை ஏற்று. அவருக்கு அதுவே பதிலாக இருக்கட்டும். ஏற்றிவிட்டு அவருக்குப் போன் செய், எனக்கு வேண்டாம். நீ எப்போது லிஃப்ட் மேல் ஏறுவாய் என்று இன்று மட்டும் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

பாக்யா